வென்றும் வாசலில் நின்ற புர்கோஸ்

விளையாட்டுச் செய்திகளில் எழுதுவதற்கு மிகவும் இலகுவானது தரமுயர்வுச் செய்தி என்றே பத்திரிகைக்காரர்கள் நினைப்பதுண்டு. இரண்டாம் பிரிவில் ஓர் அணி வெற்றி பெறுகிறது. அடுத்த பருவகாலத்தில் முதலாம் பிரிவில் ஆடுகிறது. தலைப்பு ஒரு வரி, செய்தி ஐந்து வரி. இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் கால் மணி நேரத்தில் அதனை முடித்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகலாம். நானும் நீண்ட காலம் அவ்வாறே செய்து வந்தவன். இந்தச் செய்தியின் இரண்டாவது பாதியைத் தேடிப் படிக்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியது ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள புர்கோஸ் என்ற நகரின் கூடைப்பந்தாட்டக் கழகம்.

அந்நகரை நான் கண்டதில்லை. 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் இரவு, கிரிக்கெட் செய்திகளுக்கே இடம் போதாத பக்கம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுச் செய்திகளிடையே ஒரு சிறு குறிப்பு கண்ணில் பட்டது. புர்கோஸ் அணி முதலாம் பிரிவுக்குத் தகுதி பெற்றது, ஆனால் முதலாம் பிரிவில் ஆடப் போவதில்லை என்பதே அதன் சாரம். தகுதி பெற்ற அணி ஏன் ஆடாது? குறிப்பில் அதற்குப் போதிய விளக்கம் இருக்கவில்லை. பத்திரிகையில் அதற்கு இடமும் கிடைக்கவில்லை. கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

வாசகர்களில் பலருக்கு கூடைப்பந்தாட்டம் என்றதும் அமெரிக்காவின் என்.பி.ஏ. தான் நினைவுக்கு வரும். அங்கே தரமுயர்வும் இல்லை, தரமிறக்கமும் இல்லை. கடைசி இடத்தைப் பெறும் அணியும் அடுத்த வருடம் அதே இடத்தில் இருக்கும். ஐரோப்பாவின் வழமை வேறு. அங்கு உதைபந்தாட்டத்தைப் போலவே கூடைப்பந்தாட்டத்திலும் ஏணி ஒன்று உண்டு. ஸ்பெயினின் முதலாம் பிரிவை நடத்துவது ஏ.சி.பி. எனப்படும் கழகங்களின் சங்கம். அச்சங்கத்தின் முதலாவது சுற்றுப்போட்டி 1983–84 பருவகாலத்தில் நடைபெற்றது. அதற்குக் கீழுள்ள பிரிவு நாட்டின் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் பொறுப்பில் உள்ளது. 1996இல் தொடங்கிய அப்பிரிவு 2007 முதல் லெப் ஓரோ என்றும், 2024 முதல் பிரிமேரா எஃப்.ஈ.பி. என்றும் பெயர் பெற்றது. மேற்பிரிவில் கடைசி இரு இடங்களைப் பெறுவோர் இறங்குவர், கீழ்ப்பிரிவிலிருந்து இரு அணிகள் ஏறும். எழுத்தில் உள்ள விதி இதுதான்.

ஏணியின் மேற்படி ஒரு சங்கத்துக்கும் கீழ்ப்படி இன்னொரு அமைப்புக்கும் உரியதாக இருந்ததே சிக்கலின் வேர். கீழே வென்றவர் மேலே வரவேண்டுமாயின் மேலிருப்பவர்களின் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராவதற்கு நுழைவுக் கட்டணம் ஒன்று இருந்தது. அதற்கு மேலதிகமாக, ஏறுதல் இறங்குதலுக்கான நிதியம் ஒன்றுக்கும் பணம் செலுத்த வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ ஐந்து மில்லியன் யூரோ. இரண்டாம் பிரிவுக் கழகங்கள் பலவற்றின் முழு வருடச் செலவை விடப் பெரிய தொகை இது. வீரர்களின் சம்பளம், பயணம், மண்டப வாடகை என்று ஒரு சதமும் செலவழிக்க முன்னரே, வாசலில் வைக்க வேண்டிய பணம். ஐயாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கு, கழகத்தை வரையறுக்கப்பட்ட விளையாட்டுக் கம்பனியாக மாற்றுதல் முதலான நிபந்தனைகள் வேறு. பருவகாலம் முடிந்த சில வாரங்களுக்குள் இவை அனைத்தும் நிறைவேற வேண்டும்.

புர்கோஸ் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் இலட்சம் மக்கள் வாழும் நகரம். மத்திய காலத்துப் பேராலயத்தாலும், எல் சிட் என்ற வீரனின் கதையாலும், அயலிலுள்ள அத்தப்புவெர்க்கா மலைக் குகைகளில் கிடைத்த ஆதிமனிதரின் எச்சங்களாலும் அறியப்பட்டது. பெரும் பண முதலைகள் வாழும் இடமன்று. அந்நகரின் அணி, மோட்டார் வாகன விற்பனை நிலையம் ஒன்றின் அனுசரணையோடு இரண்டாம் பிரிவில் ஆடி, 2013இல் ஏறும் தகுதியை வென்றது. பணம் திரளவில்லை; ஏறமுடியவில்லை. 2014இல் மீண்டும் வென்றது. மீண்டும் பணம் திரளவில்லை. 2015இல் மூன்றாவது தடவையும் வென்றது. மூன்றாவது தடவையும் அதே முடிவு.

அந்த மூன்று வருடங்கள் எத்தகைய வருடங்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2008இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி ஸ்பெயினை உலுக்கியிருந்த காலம் அது. 2013இன் தொடக்கத்தில் அந்நாட்டின் தொழிற்படையில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலையற்றிருந்தனர். மாகாண நகரங்களின் விளையாட்டுக் கழகங்களுக்குக் கைகொடுத்து வந்த சேமிப்பு வங்கிகள் பல மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ போயின. கட்டடத் தொழில் படுத்துவிட்டது. அப்படியான வேளையில், ஒரு சிறு நகரத்திடம் சில வாரங்களுக்குள் ஐந்து மில்லியனைக் கொண்டு வா என்று கேட்பது, வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வதற்குச் சமம்.

மூன்று தடவைகள் என்ற எண்ணிக்கைதான் என்னைத் தொந்தரவு செய்தது. முதற் தடவை ஒரு வீரன் நம்பிக்கையோடு ஆடியிருப்பான். இரண்டாவது தடவை, இம்முறை நகரம் கைவிடாது என்று ஆடியிருப்பான். மூன்றாவது பருவகாலத்தில், வென்றாலும் போக முடியாது என்ற சந்தேகம் நெஞ்சின் ஒரு மூலையில் இருக்கையில், மழை நாளின் வெளியூர் ஆட்டமொன்றில், கடைசி நிமிடத்தில் பந்துக்காக அவன் பாய்ந்து விழுவதற்கு எது காரணமாக இருந்திருக்கும்? தொழில் என்று ஒரு சொல்லில் அதற்கு விடை சொல்லிவிடலாம். அது முழு விடையாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் என் சொந்தக் கதையைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் கையில் எடுக்கக்கூடியவற்றோடு புறப்பட்டது. காணி உறுதிகள் இருந்த பெட்டி வீட்டோடு போயிற்று. அடுத்த வருடம் கலைப் பட்டத்தோடு நான் கொழும்புக்கு வந்து, ஒரு நிறுவனத்தில் எழுத்துப் பரீட்சைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் தோற்றினேன். பட்டியலில் முதலாவதாக என் பெயர் இருந்தது. நியமனக் கடிதத்தோடு இன்னொரு தாளும் வந்தது. நிரந்தர உத்தியோகத்தில் உள்ள அரச ஊழியர் இருவர், அல்லது உறுதியுடன் கூடிய அசையாச் சொத்து, பிணையாகக் காட்டப்பட வேண்டும். பதினான்கு நாட்கள் அவகாசம். எங்களுக்குத் தெரிந்த அரச ஊழியர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மரநிழல்களில் இருந்தார்கள். கொழும்பில் எமக்காகக் கையெழுத்திடக் கூடியவர்கள் ஒருவரும் இல்லை.

என்னை அங்கு அழைத்துச் சென்றவர் ஊரில் எங்கள் அயலவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அலுவலகத்தின் நிருவாகப் பிரிவில் இருந்தவரிடம் அவர் எனக்காகப் பேசினார்.

“ஐயா, பிள்ளை பரீட்சையில முதலாவது. உறுதி வீட்டோட போட்டுது. நீங்கள் கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ.”

“மாஸ்டர், எனக்கு விளங்குது. நானென்ன செய்யிறது? பெரியாக்கள் போட்ட விதி. தம்பி அடுத்த முறை ஆயத்தமா வரட்டும்.”

அவர் கெட்ட மனிதரல்லர். எங்களுக்குத் தேநீர் தருவித்தார். பதினைந்தாம் நாள் அந்த நியமனம் பட்டியலில் மூன்றாவதாக இருந்தவருக்குப் போயிற்று. பின்னர் பத்திரிகைகளுக்குப் பத்தி அளவுக்குக் கூலி பெறும் பிரதேச நிருபராக நான்கு வருடங்கள் எழுதினேன். அதற்குப் பின்னரே வேறொரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் நிரந்தரமாக அமர்ந்தேன்.

இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். புர்கோஸ் வீரர்கள் போரினால் இடம்பெயர்ந்தவர்களல்லர். அவர்களுக்குச் சம்பளம் இருந்தது. ஆனால் வாசலில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. உன்னால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இருவரும் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டோம். அதன் பின்னர் கேட்கப்பட்டது, உன் பின்னால் நிற்பவர் யார் என்பது. திறமைக்கான பரீட்சை முடிந்த பிறகு, வேறெதற்கோ ஆன பரீட்சை தொடங்குகிறது. அதற்கு முன்கூட்டியே படித்து ஆயத்தம் செய்யவும் முடியாது.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏ.சி.பி.யில் இருந்த கழகங்கள் சிலவும் தங்கள் காலத்தில் பணம் செலுத்தியே உள்ளே வந்தவை. புதியவர் இலவசமாக வந்தால் அது தமக்கு அநீதி என்று அவர்கள் கருதியது விளங்கிக்கொள்ளக் கூடியதே. பணமின்றி ஏறும் கழகம் நடுப் பருவத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் கலைந்தால், முழுச் சுற்றுப்போட்டியும் குழம்பும். வீரர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். பிணை கேட்பவன் எப்போதும் தீய எண்ணத்தோடுதான் கேட்கிறான் என்பதில்லை.

ஆயினும் அந்த வாதத்தை நிகழ்ச்சிகளே சோதித்துப் பார்த்தன. 2012இல் லெப் ஓரோவில் முதலிடம் பெற்றது தெனரீஃபே தீவின் கனாரியாஸ் கழகம். வழமையான நிபந்தனைகளின்படி அதற்கும் வாசல் திறந்திருக்கவில்லை. அதே கோடையில், உள்ளே உறுப்பினராக இருந்த அலிகாந்தே நகரின் லுசெந்தும் கழகம் கடன் சுமையால் முதலாம் பிரிவை விட்டு விலகியது. காலியான அந்த இடத்தின் வழியாகவே கனாரியாஸ் உள்ளே வந்தது. பணம் செலுத்தியவர் விழுந்தார். செலுத்த முடியாதவர் நின்றார். நின்றதோடு முடியவில்லை. 2017 ஏப்ரலில் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் சம்பியன்ஸ் லீக் முதன்முறையாக நடந்து முடிந்தபோது, துருக்கியின் பன்வித் அணியை 63–59 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது அந்தக் கனாரியாஸ்தான். 2022இல் இரண்டாவது முறையும் வென்றது. நுழைவுக் கட்டணம் ஒரு கழகத்தின் உறுதிக்கு அளவுகோல் என்றால், அந்த அளவுகோல் இரு பக்கமும் பிழையாக அளந்திருக்கிறது.

அதே 2017 ஏப்ரலில் ஸ்பெயினின் சந்தைப் போட்டி ஆணைக்குழு தன் தீர்மானத்தை வெளியிட்டது. கீழ்ப்பிரிவிலிருந்து ஏறும் கழகங்கள் மீது விதிக்கப்பட்ட பொருளாதார நிபந்தனைகள் அளவுக்கு மிஞ்சியவை, பாரபட்சமானவை என்று கூறி ஏ.சி.பி.க்கு 4 இலட்சம் யூரோ தண்டப்பணம் விதித்தது. பழைய வடிவிலான நுழைவுக் கட்டணமும் அவ்வேளையில் கைவிடப்பட்டிருந்தது. நிதி நிபந்தனைகள் முற்றாக நீங்கவில்லை. சிறிய நகரம் ஒன்று தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கின.

புர்கோஸ் நகரிலும் இதற்கிடையில் மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. 2015இல் மிராஃபுளோரெஸ் என்ற புதிய கழகம் அங்கே உருவாகி, சான் பாப்லோ என்ற வீட்டுமனை நிறுவனத்தின் பெயரைத் தாங்கி இரண்டாம் பிரிவில் ஆடத் தொடங்கியது. அரங்கப் பிரச்சினைக்கு நகரம் விசித்திரமான விடையைக் கண்டது. தன் பழைய காளைச் சண்டை அரங்கைக் கூரையிட்டுப் புதுப்பித்து, கொலிசியும் என்று பெயரிட்டது. வட்டமான மணல் தரையில் காளைகள் விழுந்த இடத்தில் பலகைத் தளம் விரிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் அமரக்கூடிய மண்டபம் கிடைத்தது. 2017 ஜூனில், அயல் நகரமான பலென்சியாவின் அணியைத் தரமுயர்வு இறுதித் தொடரில் வென்று சான் பாப்லோ புர்கோஸ் முதலாம் பிரிவுக்கான இடத்தைப் பெற்றது. இம்முறை வாசல் திறந்தது.

அந்தப் பலென்சியாவையும் இங்கு மறக்கலாகாது. அதற்கு முந்திய வருடம், 2016இல், லெப் ஓரோவின் சம்பியன் அதுவே. கட்டணத்தின் பொருட்டு ஏற முடியாமல் நின்றது. அடுத்த வருடம் வாசல் அகலமானபோது ஆடுகளத்தில் தோற்றது.

அதன் பின்னர் நடந்தவை விளையாட்டுப் பக்கங்களில் பெரிய எழுத்துகளில் வந்தவை. 2018இல் ஜோன் பெனியரோயா பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். அந்தோரா கழகத்தை 2014இல் முதலாம் பிரிவுக்கு ஏற்றி, அங்கே நிலைநிறுத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. 2020 ஜூனில், கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே வலென்சியாவில் பன்னிரண்டு அணிகளைக் கொண்டு பருவகாலம் முடித்து வைக்கப்பட்டபோது, புர்கோஸ் அரையிறுதி வரை சென்று பார்சிலோனாவிடமே தோற்றது. அதே வருடம் ஒக்டோபர் 4ஆம் திகதி, ஏதென்ஸ் நகரில், ஏ.ஈ.கே. அணியை அதன் சொந்த ஊரிலேயே 85–74 என வென்று சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை எடுத்தது. 2021 பெப்ரவரியில் புவனோஸ் ஐரிஸில் ஆர்ஜென்ரீனாவின் கிம்சா அணியை 82–73 என வென்று கண்டங்களுக்கு இடையிலான கிண்ணத்தைப் பெற்றது. 2021 மே 9ஆம் திகதி ரஷ்யாவின் நிஸ்னி நோவ்கொரொட்டில் துருக்கியின் கர்ஷியாக்கா அணியை 64–59 என வென்று சம்பியன்ஸ் லீக்கைத் தக்கவைத்தது. அந்த இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானவர் பிரேசிலைச் சேர்ந்த விற்றோர் பெனீத்தே.

முதலாம் பிரிவில் ஏறி நான்கே வருடங்களில் மூன்று சர்வதேசக் கிண்ணங்கள். 2012இலும் 2013இலும் வாசலில் மறிக்கப்பட்ட இரு ஊர்கள், 2017 தொடக்கம் 2022 வரையான ஆறு சம்பியன்ஸ் லீக் போட்டிகளில் நான்கைத் தமதாக்கின. இவர்களை உள்ளே விட்டால் தரம் குறையும் என்று எவரேனும் அஞ்சியிருந்தால், அவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

ஆனால் இந்த மகிழ்ச்சிக் கதையில் ஒரு நெருடல் எனக்கு இன்றும் உண்டு. 2013, 2014, 2015 ஆகிய வருடங்களில் வென்ற கழகம் ஒன்று. 2017இல் ஏறிய கழகம் வேறொன்று. ஊர் ஒன்று, பார்வையாளர் ஒருவரே, ஆசை ஒன்றே. சட்டப்படி கழகங்கள் வேறு. மூன்று வருடம் வென்று ஏமாந்த கழகத்தின் சட்டையில் அந்த ஐரோப்பிய நட்சத்திரங்கள் ஒட்டவில்லை. வீரனின் ஆட்டக் காலம் பத்துப் பன்னிரண்டு வருடங்கள். கழகம் காத்திருக்கலாம், நகரம் காத்திருக்கலாம். இருபத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் காத்திருக்க முடியாது. விதி ஒன்று தாமதமாகத் திருத்தப்படும்போது எதிர்காலம் சீராகிறது, உண்மை. இடையில் நின்றவர்களின் வருடங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுப்பதில்லை.

பின்னாளில் நான் ஆசிரியபீடத்தின் மூத்த உறுப்பினராகி, நேர்முகத் தேர்வுகளில் மேசையின் மறுபக்கம் அமர நேர்ந்தது. அங்கும் அரச ஊழியர் இருவரின் பிணை என்ற வரி விண்ணப்பப் படிவத்தில் இருந்தது. அதை நீக்குமாறு கேட்டேன். முற்றாக நீக்க நிருவாகம் உடன்படவில்லை. காசு கையாளாத பணிகளுக்கு மட்டும் நீக்கினார்கள். அந்த வருடம் தெரிவான இளைஞர் மூவரில் இருவர் வன்னியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் நன்றாக எழுதினார்களா என்று கேட்பீர்கள். ஒருவர் மிக நன்றாக எழுதினார், மற்றவர் ஒரு வருடத்தில் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். உள்ளே விடுவது வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல. முயன்று பார்க்க இடம் கொடுப்பது மட்டுமே.

புர்கோஸ் கதையும் அவ்வாறே தொடர்ந்தது. 2021 கோடையில் பெனியரோயா வலென்சியாவுக்குப் போனார். அடுத்த பருவகாலத்தின் முடிவில், ஐரோப்பியக் கிண்ணம் வென்று ஒரு வருடமே கழிந்த நிலையில், புர்கோஸ் கடைசி இருவரில் ஒருவராகி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கீழே இருந்த காலத்தில் அதே நகரின் தீசோனா கழகமும் அதே இரண்டாம் பிரிவில் இருந்தமையால், ஒரே ஊரின் இரு அணிகள் கீழ்ப்படியில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடின. 2022–23 பருவகாலத்தில் ஏறியது பலென்சியா. 2016இல் மறிக்கப்பட்ட அந்தச் சிறு நகரம், ஏழு வருடம் கழித்து, 2023இல் முதலாம் பிரிவைக் கண்டது. ஒரு பருவகாலம் மட்டும் அங்கே நின்று இறங்கியது. புர்கோஸ் மூன்று பருவகாலங்கள் கீழே ஆடி, 2025இல் இரண்டாம் பிரிவின் சம்பியனாகி மீண்டும் ஏறியது.

இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆடித் தோற்று இறங்குவதில் அவமானம் ஏதுமில்லை. அதுவே ஏணியின் அறம். 2022இல் புர்கோஸ் இறங்கியபோது எவரும் அநீதி என்று சொல்லவில்லை. பலென்சியா 2024இல் இறங்கியபோதும் சொல்லவில்லை. 2013இல் மட்டும்தான் அந்தச் சொல் பொருந்தியது. ஏனெனில் அன்று அவர்களைத் தடுத்தது எதிரணி அல்ல.

விளையாட்டுச் செய்தி எழுதும் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஓர் அணி தரமுயர்ந்தது என்ற செய்தி உங்கள் மேசைக்கு வந்தால், யார் வென்றது, எத்தனை புள்ளிகள் என்பவற்றை எழுதுங்கள். எழுதிய பின்னர் தொலைபேசியை எடுத்து இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? கடைசித் திகதி எப்போது? நம் நாட்டிலும், வேறெங்கும், அநேகமாக அந்த விடையில்தான் அடுத்த நாளின் தலைப்புச் செய்தி இருக்கும்.